தேன் தராத தேனீக்கள்

நுண்ணோக்கியில் பார்த்து வரைந்து அச்சேறிய முதல் படங்களைத் தேடிப் போனால், 1625இல் ரோம் நகரில் வெளியான ஒரு தாளில் போய் நிற்போம். பிரான்செஸ்கோ ஸ்டெல்லூட்டியும் அவருடைய அறிஞர் குழுவும் போப்பாண்டவருக்குக் காணிக்கையாக்கிய தாள் அது. முதுகுப்புறம், வயிற்றுப்புறம், பக்கவாட்டு என மூன்று நிலைகளில் மூன்று தேனீக்கள். மூன்றும் அடை கட்டித் தேன் சேர்க்கும் இனம். அன்று தொடங்கிய சாய்வு இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. தேனீ என்றதும் தேனடை, ராணி, ஆயிரக்கணக்கான வேலைக்காரத் தேனீக்கள் என்றே மனம் ஓடுகிறது. உலகில் இதுவரை பெயரிடப்பட்ட தேனீ இனங்களோ 20,000க்கும் மேல். நம் மலைத்தேனீ, அடுக்குத்தேனீ, கொம்புத்தேனீ ஆகியவை அடங்கிய ஏபிஸ் பேரினத்தில் பத்தையொட்டிய இனங்களே உள்ளன. கொசுத்தேனீக்களும் குளிர்நாட்டுப் பம்பிள் தேனீக்களும் சேர்ந்து சில நூறு. மற்றவற்றில் மிகப் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. அவற்றிலிருந்து நமக்கு ஒரு சொட்டுத் தேன் கிடைக்காது. ஒருவேளை அதனால்தான் அவற்றுக்கு நம் ஊரில் பேச்சுவழக்குப் பெயர்கூட அரிதாக இருக்கிறது. பெரியதெல்லாம் வண்டு, சிறியதெல்லாம் ஈ அல்லது குளவி என்று கடந்துவிடுகிறோம்.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் இந்தத் தேனீக்களைப் பொதுமக்கள் கண்முன் நிறுத்தியதில் புத்தகங்களைவிட நெருக்கப் படங்களுக்கே பங்கு அதிகம். அந்தப் படங்கள் எதைத் தந்தன, எதைத் தரவில்லை என்பதை இங்கே பார்க்க வேண்டும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேனீயின் முகத்தை மட்டும் தரும் படம் பாதிப் படம்தான். அது அமர்ந்த பூ, நுழைந்த துளை, வந்த நேரம் ஆகியவையும் கூடவே வரும்போதுதான் அந்தப் படம் அறிவாகிறது.

தனித்தேனீயின் வாழ்க்கையில் ராணியும் இல்லை, வேலைக்காரியும் இல்லை. ஒரு பெண் தேனீ தானே இடம் தேடுகிறது, தானே கூடமைக்கிறது. மகரந்தத்தைப் பூந்தேன் விட்டுப் பிசைந்து அறைக்குள் வைத்து, அதன்மேல் ஒரு முட்டையிட்டு, அறையை மூடிவிடுகிறது. பிறகு அடுத்த அறை. பிள்ளைகள் வெளியே வரும் முன்பே பெரும்பாலும் தாய் இறந்துவிடும். காவல் காக்க வேண்டிய தேன்கிடங்கு இல்லாததால் கொட்டுவதில் இவற்றுக்கு நாட்டமில்லை. கையில் பிடித்து நசுக்கினால்தான் பெண் தேனீ கொட்டும், ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. ஒரு சாண் தூரத்தில் லென்ஸைக் கொண்டுபோக முடிவதற்கு இந்தச் சாதுவான குணமே காரணம்.

கூடுகளில்தான் இவற்றின் வகைமை முழுதாகத் தெரியும். ஏறத்தாழ எழுபது விழுக்காடு இனங்கள் மண்ணைத் தோண்டுகின்றன. வரப்போரம், ஒற்றையடிப் பாதை, கோயில் வளாகத்தின் வெறுந்தரை என்று புல் மூடாத இடமாகப் பார்த்து, பென்சில் முனை அளவுத் துளையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் பொடிமண்ணுமாக அவற்றின் வாசல் இருக்கும். கொல்லேட்டஸ் பேரினத்துத் தேனீ தன் சுரப்பியிலிருந்து வரும் திரவத்தை நாக்கால் மெழுகி, மண்ணறைக்குள் கண்ணாடித்தாள் போன்ற நீர்புகா உறையை உண்டாக்குகிறது. ஆந்திடியம் தேனீ செடித்தண்டின் மென்மயிரை மழித்து உருட்டிக் கொண்டுபோய்ப் பஞ்சணை அமைக்கிறது. ஐரோப்பாவின் ஆஸ்மியா பைகலர் காலியான நத்தை ஓட்டுக்குள் முட்டையிட்டு, காய்ந்த புல்தண்டுகளை ஒவ்வொன்றாகப் பறந்து சுமந்து வந்து ஓட்டின்மேல் கூரையாக அடுக்குகிறது.

நம் வீட்டுப் பக்கம் எளிதில் காணக்கூடியது இலைவெட்டித் தேனீ. ரோஜா, துவரை ஆகியவற்றின் இலை விளிம்பு கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் அரைவட்டமாகக் காணாமற்போயிருந்தால், புழுவைத் தேடி மருந்தடிக்கும் முன் சற்று நிற்க வேண்டும். மெகாக்கிலி பேரினத்துப் பெண் தேனீ வெட்டிய தடம் அது. அறையின் சுவருக்கு நீள்வட்டத் துண்டு, மூடிக்கு வட்டத் துண்டு என்று தேவைக்கேற்ப வெட்டும். செடிக்கு அதனால் பொருட்படுத்தத்தக்க இழப்பில்லை. அதே பேரினத்தில் இலையைத் தொடாமல் மண்ணையும் பிசினையும் கொண்டு, சுவரோட்டையிலும் ஜன்னல் சட்டத்தின் துளையிலும் கூடு கட்டுபவையும் உண்டு. குளவிக்கூடு என்று நாம் குச்சியால் குத்தி எடுப்பவற்றில் சில இவை.

பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ழான் ஆன்றி ஃபாபர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆஸ்மியா தேனீக்களுக்குக் கண்ணாடிக் குழாய்களும் நாணல் தண்டுகளும் கொடுத்துப் பார்த்த சோதனைகள் இன்றும் வியப்பூட்டுபவை. குழாயின் உள்கோடி அறைகளில் பெண் முட்டைகள், வாசலை ஒட்டிய அறைகளில் ஆண் முட்டைகள். குழாய் குறுகலாக இருந்தால் பெரும்பாலும் ஆண்களே. இடத்தின் அளவைப் பார்த்துப் பிள்ளை ஆணா பெண்ணா என்பதைத் தாயே தீர்மானிக்கிறது. கருவுற்ற முட்டை பெண், கருவுறாதது ஆண் என்பதால் அந்த முடிவு தாயின் வசம் இருக்கிறது. முன்னறையில் இருக்கும் ஆண்கள் முதலில் வெளியேறிக் காத்திருக்கும். ஃபாபரிடம் இருந்தவை லென்ஸும் பொறுமையும் குறிப்பேடும்தான். தேனீயைப் படமெடுக்கும் ஒவ்வொருவரும் அந்த மூன்றாவது கருவியை நினைவில் வைக்க வேண்டும்.

வகைப்பாட்டின் பெரிய பிரிவுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். தேனீக் குடும்பங்கள் 7. அவற்றில் ஒன்று ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இல்லை. வயலில் நிற்பவருக்குப் பயன்படும் முதல் அடையாளம் மகரந்தத்தைச் சுமக்கும் இடம். பின்னங்காலில் மகரந்தம் அப்பியிருந்தால் பல குடும்பங்களில் ஒன்றாக இருக்கலாம். அடிவயிறு முழுக்க மஞ்சளாக இருந்தால் அது இலைவெட்டித் தேனீயின் குடும்பம். மகரந்தம் சுமக்கும் மயிரே இல்லையென்றால் ஆணாக இருக்கலாம், அல்லது குயில் தேனீயாக இருக்கலாம். கருப்பு உடலில் நீலப் புள்ளிகள் பளிச்சிடும் தைரீயஸ், நீலப்பட்டைத் தேனீயின் மண்கூட்டுக்குள் நுழைந்து முட்டையிடும். அதன் புழு அங்கே சேர்த்து வைத்த உணவைத் தின்று வளரும். இந்தக் குயில் தேனீ ஓரிடத்தில் தொடர்ந்து தென்பட்டால், அது முட்டையிடும் கூட்டுக்குரிய தேனீ அங்கே ஓரளவு எண்ணிக்கையில் நிலைத்திருக்கிறது என்று பொருள். அழகுக்காக எடுத்த தைரீயஸ் படம் ஒன்று, படமெடுத்தவர் பார்த்திராத இன்னொரு தேனீயின் இருப்பைச் சொல்லிவிடுகிறது.

தனித்து வாழ்தல் என்பதும் ஒரே சீரானதில்லை. தச்சுத்தேனீக்களில் தாயும் வளர்ந்த மகளும் ஒரே மூங்கிலில் சிலகாலம் சேர்ந்திருப்பதுண்டு. ஹாலிக்டஸ் ரூபிகண்டஸ் என்ற இனம் வெயில் நீடிக்கும் இடங்களில் குடும்பமாகவும், கோடை குறுகிய குளிர்ப் பகுதிகளில் தனியாகவும் வாழ்கிறது.

உருவ அளவைக் கேட்டால் நம்ப முடியாது. அமெரிக்கப் பாலைநிலத்தின் பெர்டிட்டா மினிமா 2 மி.மீ. நீளம்கூட இல்லை. மறுகோடியில், ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் இந்தோனேசியாவின் பச்சான் தீவில் கண்டெடுத்த மெகாக்கிலி புளூட்டோ. பெண் தேனீயின் நீளம் ஏறத்தாழ 38 மி.மீ. 19ஆம் நூற்றாண்டுக்குப் பின் காணாமற்போன அதை 1981இல் ஆடம் மெஸ்ஸர் மீண்டும் கண்டார். மரத்திலுள்ள கறையான் புற்றுக்குள் பிசின் பூசி அது கூடு கட்டுவதையும் பதிவுசெய்தார். உயிருடன் அதன் ஒளிப்படம் முதன்முதலில் 2019 ஜனவரியில்தான் கிளே போல்ட்டுக்குக் கிடைத்தது.

வெப்பமண்டலக் காடுகளில்தான் உயிர்வகைகள் அதிகம் என்ற பொதுவிதியைத் தேனீக்கள் மீறுகின்றன. பல லட்சம் பதிவுகளைத் தொகுத்து 2020இல் வெளியான உலகத் தேனீ வரைபடம், மழைக்காடுகளைவிட வறண்ட மிதவெப்பப் பகுதிகளில் இனங்கள் மிகுதி என்று காட்டியது. அமெரிக்கத் தென்மேற்கும் மத்தியதரைக் கடலோரமும் அத்தகையவை. மண்ணில் கூடு கட்டுபவற்றுக்கு ஈரம் பகை. பூஞ்சை சேமிப்பைக் கெடுத்துவிடும். இந்தியாவில் 700க்கும் மேற்பட்ட இனங்களும் இலங்கையில் ஏறத்தாழ 150 இனங்களும் பதிவாகியுள்ளன. நம்முடைய எண்ணிக்கை குறைவாகத் தெரிவதற்கு ஈரம் மட்டும் காரணமில்லை, தேடியவர்கள் குறைவு என்பதும் காரணம். 1897இல் சார்லஸ் பிங்ஹாம் எழுதிய பிரிட்டிஷ் இந்திய விலங்குத் தொகுதியை இன்றும் ஆய்வாளர்கள் புரட்ட வேண்டியிருக்கிறது.

இந்த வரலாற்றில் நம் கடற்கரைக்கும் ஓர் இடமுண்டு. டென்மார்க்காரரான ஃபப்ரீசியஸ் 1804இல் ஒரு தச்சுத்தேனீக்குச் சைலோகோபா ட்ராங்க்பாரிகா என்று பெயரிட்டார். அப்பெயரில் இருப்பது டேனியர் வசமிருந்த தரங்கம்பாடி. இரு நூற்றாண்டுகள் கழித்து ஹேமா சோமநாதன், ரெனி போர்ஜஸ் ஆகியோர் மகாராஷ்டிரத்தின் பீமாசங்கர் காட்டில் இதே இனத்தை ஆராய்ந்தனர். நிலவில்லாத இரவிலும் அது பறந்து பூக்களைத் தேடுகிறது என்றும், நட்சத்திர ஒளியில் நிறங்களைப் பிரித்தறிகிறது என்றும் அவர்களும் அவர்களுடைய சகாக்களும் 2008இல் நிறுவினர். மனிதக் கண்ணுக்கு அந்த ஒளியில் நிறமே தெரியாது. பகலில் பூவோரம் காத்திருக்கும் எந்த ஒளிப்படக்காரருக்கும் இந்தத் தேனீ அகப்படாது என்பதை இங்கே சேர்த்துக் கவனிக்க வேண்டும். நம் படத்தொகுப்புகள் பகலில் பறக்கும், கண்ணைக் கவரும், கொஞ்சம் பெரிய தேனீக்களின் தொகுப்புகள். அவற்றைக் கொண்டு ஓரிடத்தின் தேனீ வளத்தைக் கணக்கிட்டால் கணக்கு கோணலாகும்.

இனி இந்தத் தேனீக்கள் செய்யும் வேலையைப் பார்ப்போம். கத்தரி, தக்காளி, ஆவாரை ஆகியவற்றின் மகரந்தப் பை நுனியில் சிறு துளை மட்டும் கொண்டது. ஏபிஸ் தேனீக்களுக்கு அதைத் திறக்கும் வித்தை தெரியாது. தச்சுத்தேனீயும் நீலப்பட்டைத் தேனீயும் பூவைப் பற்றிக்கொண்டு, இறகை அசைக்காமல் பறப்புத் தசையை மட்டும் அதிரவிட, மகரந்தம் புகையாகக் கொட்டுகிறது. அந்த நேரத்தில் ஆவாரைப் புதரருகே நின்றால் ரீங்காரம் சட்டென்று உச்சத்துக்கு ஏறுவது காதில் விழும். ஆஸ்திரேலிய நீலப்பட்டைத் தேனீ ஒன்று தக்காளிப் பூவை வினாடிக்குச் சுமார் 350 முறை தலையால் முட்டுகிறது என்பது ஒலிப்பதிவாலும் மிகைவேகக் காணொளியாலும் தெரியவந்தது. கண் தவறவிடுவதைக் கேமரா பிடிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

வட அமெரிக்காவின் பூசணித் தேனீ பூசணிக் குடும்பத்து மகரந்தத்தை மட்டுமே பிள்ளைகளுக்குச் சேர்க்கிறது. பழங்குடி மக்களின் பூசணிச் சாகுபடி கண்டத்தில் பரவிய வழியே தானும் பரவியது. அதன் ஆண்கள் மதியம் வாடி மூடிய பூவுக்குள் உறங்கும். வாஷிங்டன் மாநிலத்தின் டூஷே பள்ளத்தாக்கில் குதிரைமசால் விதைக்காக விவசாயிகள் நோமியா தேனீக்கு உவர்மண் படுக்கைகளை ஏக்கர் கணக்கில் பராமரிக்கிறார்கள். தேனீக்கள் பறக்கும் பருவத்தில் அப்பகுதிச் சாலைகளில் வாகன வேகத்துக்கு மணிக்கு 20 மைல் வரம்பு. ஒரு மண்தேனீக்காகப் போக்குவரத்தையே தணித்த ஊர் அது.

இப்போது கேமராவுக்கு வருவோம். நெருக்கப் படத்தின் அடிப்படைச் சிக்கல் தெளிவாகத் தெரியும் ஆழம். ஒரு பூச்சியை உண்மை அளவைப்போல் இரு மடங்கு பெரிதாக்கி, லென்ஸ் துளையை எஃப் 8இல் வைத்தால், தெளிவாக விழும் பகுதி அரை மில்லிமீட்டரைக்கூட எட்டாது. கண் தெளிந்தால் உணர்கொம்பு மங்கும். துளையை மேலும் சுருக்கினால் ஒளி வளைந்து படம் முழுவதுமே மழுங்கும். ஃபோகஸைக் கடுகளவு நகர்த்தி அடுத்தடுத்து எடுத்த படங்களின் தெளிந்த பகுதிகளைக் கணினியில் இணைப்பதே இதற்குக் கண்ட வழி.

இந்த வழியை இறந்த மாதிரிகளில் உச்சத்துக்குக் கொண்டுபோனது அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் தேனீ ஆய்வுக்கூடம். சாம் டிரோகியும் அவருடைய குழுவினரும் ஊசியில் குத்திய தேனீக்களைச் சோப்பு நீரில் அலசி, மயிர் சிலிர்க்க உலர்த்தி, கருப்புப் பின்னணியில் படமெடுத்தார்கள். அந்தப் படங்களை யாரும் உரிமை கேட்காமல் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டது பெரும் கொடை. லெவான் பிஸ் என்ற பிரிட்டிஷ் ஒளிப்படக்காரர் 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் வைத்த பூச்சிப் படங்களில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8,000 படங்களின் இணைப்பு. உடலின் குழிகளையும் வரிகளையும் உலோக மினுக்கையும் இவ்வளவு துல்லியமாக முன்பு யாரும் கண்டதில்லை. வகைப்பாட்டாளருக்கு இவை விலைமதிப்பற்றவை. ஆனால் கருப்புப் பின்னணியில் பூ இல்லை, மண் இல்லை, பொழுது இல்லை. அந்தத் தேனீ எப்படி வாழ்ந்தது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

வயலில் உயிரோடு எடுக்கும் படம் இன்னொரு மரபு. நம் ஊர் இளைஞர்கள் பலர் விலையுயர்ந்த மேக்ரோ லென்ஸ் இல்லாமலே தொடங்கியிருக்கிறார்கள். கேமராவோடு வந்த லென்ஸைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்தும் வளையம், லென்ஸின் முன்னால் மாட்டும் ரேனாக்ஸ் உருப்பெருக்கி, ஃபிளாஷ் ஒளியைப் பரப்ப வெள்ளைத் தாளிலோ தெர்மாகோலிலோ செய்த டிஃப்யூசர், இவையே போதும். ஒளியை மென்மையாக்குவது இதில் மிக முக்கியம். தேனீயின் உடல் பளபளப்பானது. நேரடி ஃபிளாஷில் வெள்ளைப் பொட்டு விழுந்து, இனத்தைக் காட்டும் நுண்குழிகள் மறைந்துவிடும். நேரத்தைப் பொறுத்தவரை விடியற்காலைக்கு ஈடில்லை. நீலப்பட்டைத் தேனீயின் ஆண்கள் மாலையில் ஒரே புல்தண்டைத் தேடி வந்து, தாடையால் கவ்வியபடி வரிசையாக உறங்கும். வெயில் ஏறும்வரை அவை அசையாததால், ஃபோகஸை நகர்த்திப் பல படங்கள் எடுத்து இணைக்க முடிகிறது. அசையாமல் இருக்கச் செய்வதற்காகத் தேனீயைக் குளிர்பெட்டியில் வைத்தெடுக்கும் பழக்கமும் சிலரிடம் இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. பூவில் பொருந்தாத கால்மடக்குடன் சொருகிவைத்த தேனீ பார்ப்பவருக்குப் பொய் சொல்கிறது. எடுத்த இடத்தில் திரும்ப விடாவிட்டால் அதன் கூடும் அநாதையாகிவிடும்.

படத்தைக் கொண்டு பெயர் சொல்ல முடியுமா? சிலவற்றுக்கு முடியும். 1993இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்ட ஐவித் தேனீ, பிரிட்டனில் முதன்முதலாக 2001இல் டார்செட்டில் தென்பட்டது. அடையாளம் எளிது, இலையுதிர்காலத்தில் ஐவிக்கொடிப் பூக்களில் கூட்டமாக வரும். பொதுமக்கள் அனுப்பிய படங்களைக் கொண்டே அது வடக்கே பரவியதை வரைபடமாக்கினார்கள். லாசியோகிளாசம் போன்ற சிறிய கருந்தேனீக்களிலோ எவ்வளவு தெளிவான படமும் பேரினத்தைத் தாண்டி அழைத்துச் செல்லாது. இறகு நரம்பு, வயிற்றுத் தட்டின் விளிம்பு, ஆணின் இனப்பெருக்க உறுப்பு ஆகியவற்றை நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். ஆகவே மாதிரி சேகரிப்பைக் கொலை என்று ஒதுக்குவது சரியில்லை. அளவோடு சேகரித்து அருங்காட்சியகத்தில் வைத்த மாதிரிதான் எல்லாப் படங்களுக்கும் பெயர் தருகிறது. படமெடுப்பவர் முகம், முதுகு, பக்கம், விரிந்த இறகு என நான்கு கோணங்களை முயன்றால் வகைப்பாட்டாளரின் வேலை பாதி குறையும்.

படத்துக்கு ஓர் ஆபத்தும் உண்டு. வாலஸின் தேனீயின் மாதிரி ஒன்று 2018இல் இணைய ஏலத்தில் 9,100 டாலருக்கு விற்றது. கிளே போல்ட் குழுவினர் அடுத்த ஆண்டு படத்தை வெளியிட்டபோது தீவின் பெயரைச் சொல்லவில்லை. அரிய இனம் கிடைத்தால் துல்லியமான இடத்தைப் பொதுவில் போடாமல் ஆய்வாளருக்கு மட்டும் தருவதே முறை.

ஊருக்கு நடுவிலேயே எவ்வளவு இருக்கும் என்பதற்கு பிரிஸ்டல் நகரின் மார்ட்டின் டோர்ன் ஓர் எடுத்துக்காட்டு. இயற்கை ஆவணப்படக்காரரான அவர் 2020இன் ஊரடங்கில் தன் சிறிய வீட்டுத் தோட்டத்திலேயே லென்ஸ்களைத் தானே பொருத்தி அமைத்துப் படமெடுத்தார். அறுபதுக்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் அகப்பட்டன. பிரிட்டன் முழுவதற்குமே ஏறத்தாழ 270 இனங்கள்தான். அவருடைய காட்சிகளின் சிறப்பு தேனீக்களைத் தனித்தனி ஆட்களாகப் பின்தொடர்வதில் இருக்கிறது. எந்தத் துளைக்கு எது சொந்தம், எது எதனுடன் சண்டையிட்டது என்பதெல்லாம் அவற்றில் வருகிறது. நான் விரும்பும் வகைப் படம் இது.

இவ்வளவும் எதற்கு என்றால், இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. உலகத் தரவுத் தொகுப்புகளில் 2006 முதல் 2015 வரை பதிவான தேனீ இனங்கள், 1990க்கு முன்பு பதிவானவற்றைவிடக் கால்பங்கு குறைவு என்று 2021இல் வந்த ஆய்வு காட்டியது. கனடாவின் ஒன்டாரியோவில் பூசணிக்கு இமிடாகுளோபிரிட் மருந்தை மண்ணில் இட்டுப் பார்த்தபோது, பூசணித் தேனீக்களின் கூடுகள் 85 விழுக்காடும் பிள்ளைகள் 89 விழுக்காடும் குறைந்தன. பூச்சிமருந்துகளைச் சோதிப்பது பெரும்பாலும் பெட்டித்தேனீயின்மேல். அது மண்ணுக்குள் வாழ்வதில்லை. மண்தேனீயோ பிறப்பது முதல் வெளிவருவதுவரை மருந்து ஊறிய மண்ணில் கிடக்கிறது. இமிடாகுளோபிரிட் நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் மருந்து. தேனீயைக் காப்பதாகச் சொல்லித் தேன்பெட்டிகள் வைக்கும் நிகழ்ச்சிகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. பெட்டி தேன் தொழிலுக்கு நல்லது. வரப்பில் துளையிட்டு வாழும் தேனீக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, பூக்குறைந்த பருவத்தில் போட்டிதான் கூடும்.

கென்யாவில் கத்தரி வயல்களை ஆராய்ந்தவர்கள், பூவை அதிரவைத்த தச்சுத்தேனீயும் நோமியாவின் உறவினமும் அருகிலிருந்த காட்டுப் பூக்களை நம்பியே வாழ்வதைக் கண்டார்கள். கத்தரிப் பூவில் தேன் கிடையாது. மகரந்தம் எடுத்த தேனீ தன் பசிக்கு வேறெங்காவது போயாக வேண்டும். நம் கத்தரித் தோட்டங்களுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். காலையில் எந்தத் தேனீ எத்தனை மணிக்கு வருகிறது, அங்கிருந்து வரப்பின் தும்பைக்குப் போகிறதா துத்திக்குப் போகிறதா, அதன் துளை களிமண்ணிலா மணலிலா, உழவுக்குப் பின் அந்தத் துளை என்னவாயிற்று? ஒரு பருவம் முழுக்க ஒரே வயலில் நாளும் நேரமும் செடிப்பெயரும் குறித்து எடுத்த படவரிசை இவற்றுக்கு விடை தரும். துளையைப் படமெடுக்கும்போது பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் அளவும் பதிவாகிவிடும். விவசாயி எந்த வரப்பைக் கொத்தாமல் விடலாம், எந்த மணிக்கு மருந்தடிக்கக் கூடாது என்பதை அந்தப் படங்களைக் காட்டியே பேசலாம்.